பிளாட்டினமும் ஐஸ் கம்பெனியும்

எலியட்டின் 'மரபும் தனித்திறனும்' கட்டுரையில் வரும் பிளாட்டினத்தை நம் வட்டத்தில் அறியாதவர் இல்லை. ஆக்ஸிஜனும் சல்ஃபர் டை ஆக்ஸைடும் அடைபட்ட ஓர் அறை. அதற்குள் மெல்லிய பிளாட்டினம் ஒன்றை வைத்தால் இரண்டு வாயுக்களும் கூடி அமிலமாகின்றன. வைக்காவிட்டால் கூடுவதில்லை. ஆனால் உண்டான அமிலத்தைச் சோதித்தால் அதில் பிளாட்டினம் கிடைக்காது. பிளாட்டினத்தைச் சோதித்தால் அதற்கும் எதுவும் நேர்ந்திருக்காது. கவிஞனின் மனம் இந்தப் பிளாட்டினம் என்கிறார் எலியட். அனுபவிக்கிறவன் வேறு, எழுதுகிற மனம் வேறு; தேர்ந்த கலைஞனிடம் இந்த இடைவெளி கூடுதலாக இருக்கும் என்பது அவர் சென்று சேரும் இடம்.

கட்டுரை 1919இல் 'தி ஈகோயிஸ்ட்' என்ற சிறுபத்திரிகையில் வந்தது. அப்போது எலியட் லண்டனில் லாயிட்ஸ் வங்கியில் குமாஸ்தா. 1917இல் சேர்ந்து 1925 வரை அங்கே இருந்தார். வங்கிக் குமாஸ்தா, சிறுபத்திரிகை என்ற இரண்டு தகவல்களும் என் போன்றவனுக்கு ஒருவகைத் தெம்பைத் தருபவை. ஒற்றுமை அந்த இரண்டோடு முடிந்துவிடுகிறது என்பதை நண்பர்கள் நினைவூட்ட வேண்டியதில்லை.

தமிழ் விமர்சனத்தில் இந்தப் பிளாட்டினம் ஒரு கைத்தடியாகப் பயன்பட்டிருக்கிறது. அதற்குத் தேவையும் இருந்தது. எழுதுகிறவனின் வறுமையைச் சொல்லிக் கதைக்கு மதிப்புக் கேட்பதும், காதல் தோல்வியைச் சொல்லிக் கவிதைக்கு மன்னிப்புக் கேட்பதும் இங்கே வழக்கமாக இருந்தபோது, 'உன் சொந்தக் கதை எனக்கு வேண்டாம், பிரதியைக் காட்டு' என்று சொல்ல ஒரு தடி வேண்டியிருந்தது. நானும் அதை எடுத்து ஓங்கியிருக்கிறேன். பி.ஏ. பரீட்சையில் பிளாட்டின உவமையை விளக்கி எழுதினால் பத்து மார்க் நிச்சயம். எங்கள் கல்லூரியில் ஆங்கிலத் துறையும் வேதியியல் துறையும் ஒரே தாழ்வாரத்தின் இரு முனைகளில் இருந்தன. ஆனால் எங்களில் யாரும் அந்த முனைக்குப் போய், அந்த அறைக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்று கேட்டதில்லை. உவமையின் ஒரு பக்கத்தை மட்டும் படித்தோம். மறுபக்கத்தை எலியட் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

எனக்கு அந்த மறுபக்கம் கொஞ்சம் பழக்கமானது. என் அப்பா தூத்துக்குடியில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில் இருந்த ஓர் ஐஸ் கம்பெனியில் கம்ப்ரஸர் ஆபரேட்டர். 1984இலிருந்து இருபத்தைந்து வருஷம். எட்டாம் வகுப்புவரை படித்தவர். நான் சின்ன வயதில் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அந்தக் கட்டிடத்துக்குள் போனபோதெல்லாம் முதலில் என்னை எதிர்கொண்டது அமோனியாவின் காரம்தான். கண்ணில் நீர் கட்டும். பிறகு பழகிவிடும். அங்கே வேலை செய்தவர்களுக்கு அது ஒரு வாசனையாகவே இல்லாமல் போயிருந்தது.

ஐஸ் எப்படி உண்டாகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலக்கியக்காரர்களுக்கு இது அவசியமா என்று கேட்கலாம். அவசியம் என்றுதான் இந்தக் கட்டுரை. அமோனியா சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 33 டிகிரி சென்டிகிரேடில் கொதித்து ஆவியாகிவிடும். அந்த ஆவியைக் கம்ப்ரஸர் அழுத்துகிறது. அழுத்தப்பட்ட ஆவி சூடேறி, கை வைக்க முடியாத குழாய் வழியே கண்டென்சருக்குப் போகிறது. அங்கே மேலிருந்து குழாய்கள்மேல் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். தூத்துக்குடி வெயிலில் அந்தத் தண்ணீர் அப்படியொன்றும் குளிர்ச்சியாக இராது. ஆனாலும் கேஜில் முள் 200 பவுண்டு அளவில் நிற்கும்போது அந்த வெதுவெதுப்பான தண்ணீரே போதும், ஆவி திரவமாகிவிடும். திரவம் எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு இடைவெளி வழியே அழுத்தம் குறைந்த குழாய்ச் சுருளுக்குள் பாய்கிறது. அங்கே மறுபடி ஆவியாகிறது. ஆவியாக வேண்டுமானால் வெப்பம் வேண்டும். ஒரு கிராமுக்கு 300 கலோரிக்கு மேல். அந்த வெப்பத்தைச் சுற்றியுள்ள உப்புத் தண்ணீரிலிருந்து பிடுங்குகிறது. உப்புக்குத் தூத்துக்குடியில் பஞ்சமில்லை. பூஜ்யத்துக்குக் கீழே போயும் உறையாத அந்த உப்புத் தண்ணீருக்குள் தகரக் கேன்களில் நல்ல தண்ணீரை நிரப்பி இறக்கியிருப்பார்கள். ஒரு நாளோ அதற்கு மேலோ கழித்துக் கேனைத் தூக்கிக் கவிழ்த்தால் ஒரு ஆள் நீளத்துக்குப் பாளம் வழுக்கிக்கொண்டு வரும். ஆவி மீண்டும் கம்ப்ரஸருக்குப் போய்விடும். அமோனியா எங்கும் செலவாவதில்லை. சுற்றிக்கொண்டே இருக்கும்.

அப்பாவுக்கு இதெல்லாம் கையாலும் காதாலும் தெரியும். சக்ஷன் பைப்பில் உறைபனி எந்த இடம்வரை வெள்ளையாகப் படிந்திருக்கிறது என்று பார்ப்பார். டிஸ்சார்ஜ் பைப்புக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோவார். வால்வைக் கால் திருகு திறந்துவிட்டுச் சீறல் சத்தத்தைக் கேட்பார். எங்காவது கசிவு என்று சந்தேகம் வந்தால் கந்தகக் குச்சியைக் கொளுத்திக்கொண்டு குழாய் மூட்டுகள் பக்கமாகக் காட்டிக்கொண்டே போவார். அமோனியா வந்தால் வெள்ளைப் புகை அடர்த்தியாக எழும். தோளில் எப்போதும் ஈரத்துண்டு. தண்ணீர் அமோனியாவைத் தன்னைப்போலப் பல நூறு மடங்கு கனஅளவுக்கு உறிஞ்சிக்கொள்ளும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அப்பா துண்டை நனைத்துக்கொண்டது அதைப் படித்து அல்ல.

நான் பிளஸ் டூவில் சயின்ஸ் குரூப். வாயு விதிகள் அங்கேதான் அறிமுகம். 1662இல் பாயில்: வெப்பநிலை மாறாதபோது அழுத்தத்தை இரட்டித்தால் கனஅளவு பாதியாகும். 1802இல் கே-லுசாக், தனக்கு முன்பே சார்லஸ் கண்டு வெளியிடாமல் விட்டதைக் குறிப்பிட்டு எழுதியது: அழுத்தம் மாறாதபோது எல்லா வாயுக்களும் சூட்டுக்கு ஒரே வீதத்தில் விரிகின்றன. இரண்டையும் சேர்த்துக் கோடு இழுத்துக்கொண்டே போனால் மைனஸ் 273 டிகிரியில் கனஅளவு பூஜ்யம். 'கேஸ்' என்ற சொல்லே பதினேழாம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட், ஒழுங்கற்ற ஆதிப் பாழைக் குறிக்கும் 'கேயாஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து ஆக்கிக்கொண்டது. பாழ் என்று பெயர் வைத்த பொருள் எல்லாவற்றையும்விட ஒழுங்கான விதிக்கு அடங்கியது. அழகான விஷயம்தான். எந்த வாயு என்ற கேள்வியே இல்லை. ஹைட்ரஜனும் ஒன்றுதான், அமோனியாவும் ஒன்றுதான். தனித்தனி மூலக்கூறு எங்கே போகிறது என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. கூட்டத்தின் சராசரி போதும்.

இந்த விதிக்கு முழுக்க அடங்கும் வாயுவுக்குத் தமிழ்ப் பாடப்புத்தகம் வைத்திருக்கும் பெயர் 'நல்லியல்பு வாயு'. இந்த மொழிபெயர்ப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். கலைச்சொல் ஆக்கியவர் தெரிந்து செய்தாரோ இல்லையோ, சொல்லில் ஒரு நன்னடத்தைச் சான்றிதழ் இருக்கிறது. நல்ல பிள்ளையான வாயு. அதன் நன்னடத்தை இரண்டு ஷரத்துகளைக் கொண்டது. ஒன்று, அதன் மூலக்கூறுகள் இடத்தை அடைக்கக்கூடாது. இரண்டு, அவை ஒன்றையொன்று இழுக்கக்கூடாது. மோதலாம், மோதி விலகிப் போய்விட வேண்டும். ஒட்டக்கூடாது.

இந்த இரண்டாவது ஷரத்தை அப்பாவிடம் ஒருமுறை சொன்னேன். பரீட்சைக்குச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தபோது என்னவென்று கேட்டார், சொன்னேன். கொஞ்சநேரம் யோசித்தார்.

"ஒண்ணோட ஒண்ணு ஒட்டாதுன்னா பின்ன கேஸு எப்படிலே தண்ணியாவும்?"

"ஆகாதுப்பா. நல்லியல்பு வாயு திரவமே ஆகாது."

"அப்ப உங்க பொஸ்தகத்து கேஸ வச்சு ஒரு கூடை சாளைக்குக்கூட ஐஸ் போட முடியாது" என்றார். பரிகாசமாகச் சொல்லவில்லை. ஒரு மெஷினைப் பற்றி அபிப்பிராயம் சொல்கிற தொனி.

அவர் சொன்னதற்கு வரலாறு இருக்கிறது. 1869இல் தாமஸ் ஆண்ட்ரூஸ் கார்பன் டை ஆக்ஸைடை வைத்துக் காட்டினார்: 31 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலே எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது, அதற்குக் கீழே அழுத்தினால் ஆகும். ஒவ்வொரு வாயுவுக்கும் இப்படியொரு எல்லை. அமோனியாவுக்கு 132 டிகிரி. அதனால்தான் தூத்துக்குடி வெயிலில் வழியும் தண்ணீரே அதற்குப் போதுமாகிறது. இந்த எல்லை ஏன் என்பதை 1873இல் வான் டெர் வால்ஸ் விளக்கினார். லைடன் நகரத்துத் தச்சர் ஒருவரின் மகன். பள்ளி ஆசிரியராக இருந்தவர். லத்தீனும் கிரேக்கமும் படிக்காததால் பல்கலைக்கழகத் தேர்வுகள் அவருக்கு வெகுகாலம் அடைத்தே கிடந்தன. முப்பத்தாறாவது வயதில்தான் ஆய்வேட்டைக் கொடுத்தார். அது டச்சு மொழியில் இருந்தது. அதைப் படிப்பதற்காகவே சிலர் டச்சு கற்க முனைந்திருப்பதாக மாக்ஸ்வெல் எழுதினார். சிறிய மொழியில் எழுதுகிறவர்கள் இதை ஒருமுறை வாசித்துவிட்டு மேலே போகலாம்.

வான் டெர் வால்ஸ் செய்தது, நன்னடத்தைச் சான்றிதழின் இரண்டு ஷரத்துகளையும் அடித்துவிட்டு இரண்டு திருத்தங்களைச் சேர்த்தது. மூலக்கூறுக்குப் பருமன் உண்டு. மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுக்கின்றன. இழுப்பு வாயுவுக்கு வாயு வேறுபடும். ஆகவே இனி எந்த வாயு என்று கேட்டாக வேண்டும். அழுத்தம் குறைவாகவும் சூடு அதிகமாகவும் இருக்கும்போது இந்தத் திருத்தங்கள் கண்ணில் படாது. எல்லா வாயுவும் நல்லியல்பு வாயுவைப்போலவே நடந்துகொள்ளும். நெருக்கும்போதும் குளிரும்போதும்தான் அதனதன் குணம் வெளிப்படும். அந்த இழுப்புதான் வாயுவைத் திரவமாக்குகிறது. திரவம் மறுபடி ஆவியாக வெப்பம் கேட்பதும் அந்த இழுப்பை அறுத்துக்கொள்ளத்தான். காற்றை விரியவிட்டு, அதைக்கொண்டே வேலை வாங்கிக் குளிரூட்டும் இயந்திரங்கள் வேறு உண்டு. அவற்றுக்கு இந்த இழுப்பு தேவையில்லை. ஆனால் அப்பாவின் கம்பெனியைப் போன்ற ஒன்றில், விதியிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அந்த விலகலிலிருந்துதான் ஐஸ் வருகிறது.

இனி எலியட்டின் அறைக்குப் போகலாம்.

கல்லூரியில் வேதியியல் கற்பிக்கும் நண்பர் ஒருவரிடம் அந்தப் பத்தியைப் படிக்கக் கொடுத்தேன். முதலில் அவர் கண்ணில் பட்டது ஒரு சின்னப் பிழை. எலியட் சொல்லும் சேர்க்கையில் வருவது சல்ஃபர் டிரை ஆக்ஸைடு. அதிலிருந்து சல்ஃப்யூரிக் அமிலம் கிடைக்கும். எலியட் எழுதியிருப்பது சல்ஃப்யூரஸ் அமிலம்; அது வேறு, அதற்குப் பிளாட்டினமே வேண்டாம், சல்ஃபர் டை ஆக்ஸைடைத் தண்ணீரில் கரைத்தால் போதும். இதைப் பிடித்துக்கொண்டு ஒரு மகாகவியைக் கேலி செய்வது சில்லறைத்தனம். நண்பர் அடுத்துச் சொன்னதுதான் முக்கியமானது. "பிளாட்டினத்துக்கு எதுவும் ஆகாதுன்னு யார் சொன்னது?"

இந்தச் சேர்க்கைக்குப் பிளாட்டினம் உதவும் என்று 1831இலேயே இங்கிலாந்தில் பெரெக்ரின் ஃபிலிப்ஸ் என்பவர் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அரை நூற்றாண்டுக்கு மேல் அது பெரிய அளவில் ஓடவில்லை. ஓடத் தொடங்கிய பிளாட்டினம் கொஞ்ச காலத்தில் சோர்ந்து நின்றுவிடும். காரணத்தைத் துலக்கியவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியில் பி.ஏ.எஸ்.எஃப். தொழிற்சாலையின் ருடால்ஃப் க்னீட்ஷ். சல்ஃபர் டை ஆக்ஸைடு எடுப்பதற்காக எரிக்கும் கந்தகக் கல்லில் சிறிதளவு ஆர்சனிக் இருக்கிறது. நம் பாஷாணம்தான். அது வாயுவோடு வந்து பிளாட்டினத்தின்மேல் படிகிறது. மிகக் கொஞ்சம் படிந்தாலே போதும், பிளாட்டினம் வேலை செய்யாது. வேதியியல்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரே நஞ்சேறுதல். ஆகவே வாயுவைக் கழுவி, வடிகட்டி, சுத்தமாக்கி அனுப்ப வேண்டியிருந்தது. இதை க்னீட்ஷ் 1901இல் விவரமாகச் சொல்லிவிட்டார். எலியட் எழுதியது பதினெட்டு வருஷம் கழித்து. அதற்குள் சில தொழிற்சாலைகள் நஞ்சுக்கு எளிதில் மசியாத வனேடியம் பென்டாக்ஸைடுக்கு மாறத் தொடங்கியிருந்தன. பிளாட்டினம் கவிதையில் நிரந்தர இடம் பிடித்தபோது ஆலையில் அதன் இடம் ஆட்டம் கண்டுகொண்டிருந்தது.

அமோனியாவுக்கும் பிளாட்டினத்துக்கும் ஒரு சந்திப்பு உண்டு. நைட்ரிக் அமிலம் செய்ய அமோனியாவையும் காற்றையும் கலந்து, ரோடியம் சேர்ந்த பிளாட்டினக் கம்பிவலை வழியே 900 டிகிரி அளவு சூட்டில் செலுத்துகிறார்கள். ஆஸ்ட்வால்டின் முறை. வாயு வலையைக் கடந்துபோக எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு நொடியில் மிகச் சிறிய பகுதி. புதிதாக மாட்டும்போது கம்பி வழவழப்பாக இருக்கும். நாளாக ஆக அதன்மேல் காலிஃபிளவர் பூத்ததுபோலச் சிறு சிறு முண்டுகள் முளைக்கும். அதோடு, கம்பி கொஞ்சம் கொஞ்சமாக இளைக்கும். பிளாட்டினம் ஆக்ஸைடாகி ஆவியாகி வாயுவோடு போய்விடுகிறது. விலையுயர்ந்த உலோகமாயிற்றே என்று கீழே பல்லேடியம் கலந்த இன்னொரு வலை வைத்து, போகிறதில் ஒரு பங்கைப் பிடிக்கிறார்கள். சில மாதங்களில் வலையை மாற்றியாக வேண்டும். உண்டான பொருளில் பிளாட்டினத்தின் சுவடு இல்லையென்று அங்கே யாரும் சொல்லமாட்டார்கள். சுவட்டைப் பிடிக்கத்தான் இரண்டாவது வலை.

இதற்குப் பின்னால் உள்ள காரணம் இன்னும் ஆழமானது. உலோகம் ஒதுங்கி நின்றுகொண்டு இரண்டு வாயுக்களைச் சேர்த்துவைப்பதில்லை. வாயுவின் மூலக்கூறு வந்து உலோகத்தின் மேற்பரப்பில் ஒட்டுகிறது. ஒட்டியதும் அதன் உட்கட்டு தளர்கிறது. பக்கத்தில் ஒட்டியிருக்கும் இன்னொன்றோடு சேர்கிறது. சேர்ந்தது விட்டுவிலகிப் போகிறது. ஒட்டுதல் ரொம்ப லேசாக இருந்தால் எதுவும் நடக்காது. ரொம்ப இறுக்கமாக இருந்தால் வந்தது போகாது. அடுத்தது வர இடமிருக்காது. இதைச் சொன்னவர் 1912இல் நோபல் பரிசு பெற்ற சபாத்தியே. நஞ்சு என்பது ஒட்டிக்கொண்டு போகாமலே இருந்துவிடுவது. ஜெர்மானியரான கெர்ஹார்ட் எர்ட்ல் 2007இல் நோபல் பரிசு வாங்கினார். கார்பன் மோனாக்ஸைடும் ஆக்ஸிஜனும் பிளாட்டினத்தின்மேல் சேரும்போது அந்தப் பரப்பிலுள்ள பிளாட்டின அணுக்களே இடம் பெயர்ந்து வேறு அடுக்குக்கு மாறுகின்றன, பிறகு திரும்புகின்றன என்று அவருடைய ஆய்வுகள் காட்டின. வாயு வரும்போது உலோகம் அசைகிறது. அசையாத உலோகத்தால் அந்த வேலை நடக்காது.

ஆக எலியட் கேட்கும் பிளாட்டினம் ஒரு நல்லியல்புப் பிளாட்டினம். அவரே அப்படி இருந்தாரா என்பதை வரலாறு சொல்கிறது. 1921இல் நரம்புத் தளர்ச்சியால் வங்கியில் மூன்று மாதம் விடுப்பு வாங்கிக்கொண்டு மார்கேட்டுக்கும் பிறகு லொசானுக்கும் போனார். 'பாழ்நில'த்தின் கணிசமான பகுதி அந்த விடுப்பில் உருவானது. 1922இல் அது வெளிவந்தது. விடுப்பு விண்ணப்பங்களை வரிசைப்படுத்தும் ஒரு குமாஸ்தாவின் கண்ணுக்கு அந்த மூன்று மாதம் இலக்கியக் கோட்பாட்டில் ஓர் அடிக்குறிப்பாகப் படவில்லை. பிளாட்டினம் ஆலையைவிட்டு வெளியே எடுக்கப்பட்டுச் சுத்தம் செய்யப்பட்ட காலம் அது.

என் சொந்தக் காரணத்தையும் சொல்ல வேண்டும். 2006 ஜூன். தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கியிருந்தன; ஐஸுக்கு அடிதடி. ராத்திரி ஷிப்டில் ஒரு வால்வின் கிளாண்ட் பாக்கிங் தெறித்துவிட்டது. அமோனியா காற்றைவிட லேசானது, மேலே போய்விடும் என்றுதான் படித்திருக்கிறோம். ஆனால் அழுத்தத்திலிருந்து திரவமாகப் பீறிடும்போது அது குளிர்ந்த மூட்டமாகத் தரையோடு பரவும். உள்ளே ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த நாலு பேர் வெளியே ஓடிவிட்டார்கள். அப்பா ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு ரிஸீவரின் வால்வை மூடப் போனார். மூடினார். தண்ணீர் எங்கே இருந்தாலும் அமோனியா அங்கே போகும்: துண்டில், கண்ணில், தொண்டையில், நுரையீரலில். பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். திரும்பி வேலைக்குப் போனார். ஆனால் மாடிப்படி ஏறினால் நடுவில் நிற்க ஆரம்பித்தார்.

நிர்வாகம் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தது. மற்றதைப் பற்றிப் பேசப் போனபோது லாக் புத்தகத்தை எடுத்துப் போட்டார்கள். நான் அப்பாவோடு போயிருந்தேன். ஒரு மணிக்கு ஒருமுறை நிரப்ப வேண்டிய புத்தகம். நேரம், சக்ஷன் பிரஷர், டிஸ்சார்ஜ் பிரஷர், உப்புத் தண்ணீரின் வெப்பம், கையெழுத்து. அன்றைய ராத்திரி இரண்டு வரி காலி. மூன்றாவது வரியிலிருந்து வேறொருவர் கையெழுத்து. பிரஷர் எல்லாம் பழையபடி. 'பிளாண்டுக்குச் சேதமில்லை' என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. ஆபரேட்டருக்கு என்ன ஆனது என்று எழுதக் கட்டம் கிடையாது. அவர் அந்தப் புத்தகத்தில் கையெழுத்தாக மட்டும் இருப்பவர். வேலை அவரால் நடக்க வேண்டும், அவருக்கு எதுவும் நடந்திருக்கக்கூடாது. 2009இல் வேலையைவிட்டு நின்றார். 2019இல் போய்ச் சேர்ந்தார். கடைசியில் பார்த்த டாக்டர் எத்தனை வருஷமாகப் புகை பிடிக்கிறார் என்று என்னைக் கேட்டார். அப்பா பீடியைக் கையால் தொட்டதில்லை.

அதற்குப் பிறகு எலியட்டின் பத்தியைப் படிக்கும்போதெல்லாம் அந்த லாக் புத்தகம் எனக்குத் தெரிகிறது. இது எலியட்டின் குற்றமல்ல. ஆனால் ஒரு உவமை தன் இரண்டு கால்களாலும் நிற்க வேண்டும். ஒரு கால் ஆலைக்குள் இருந்தால் ஆலையில் நடப்பதற்கு அது பதில் சொல்லியாக வேண்டும்.

விமர்சனத்துக்கு இதிலிருந்து என்ன? தடியை மறுபுறம் திருப்பிப் பிடிக்கச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுதியவனின் துன்பத்தைப் பிரதிக்குள் தேடி எடுத்துத் தராசில் வைக்கும் பழைய வழக்கத்துக்கு நான் ஆதரவாளன் ஆகிவிடவில்லை. அனுபவத்தை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும் கவிதை நஞ்சேறிய பிளாட்டினம். வந்தது போகவில்லை, அடுத்த சொல்லுக்கு இடமில்லை. நாம் படிக்கும் கைப்பிரதிகளில் பெரும்பகுதி இந்த வகை என்பது பத்திரிகை நடத்துகிறவர்களுக்குத் தெரியும். ஆனால் இன்னொரு வகையும் உண்டு, அதைப் பற்றி நாம் பேசுவதில்லை. எதுவும் வந்து ஒட்டவே ஒட்டாத கவிதை. வழவழப்பாக, சுத்தமாக, எழுதியவனை எங்கும் அசைக்காமல் வந்திருப்பது. இதை நாம் 'கட்டுப்பாடு' என்றும் 'விலகல்' என்றும் பாராட்டிவிடுகிறோம். அது நல்லியல்பு வாயு. விதிக்கு முழுக்க அடங்கும். எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது.

அப்பாவின் கம்பெனியில் வரும் பாளங்களுக்கு நடுவில் ஒரு வெள்ளைத் தண்டு இருக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றும் உப்பும் உறையும் பனியில் இடமில்லாமல் உள்நோக்கித் தள்ளப்பட்டு, கடைசியாக உறையும் நடுப்பகுதியில் மாட்டிக்கொள்வதால் வருவது. ஹோட்டல்காரர்களுக்குக் கண்ணாடிபோன்ற ஐஸ் வேண்டும். அதற்குக் கேனுக்குள் காற்றை ஊதிக் கலக்கிக்கொண்டே இருந்து, நடுவில் தேங்கும் தண்ணீரைக் கடைசியில் உறிஞ்சிவிட்டு வேறு ஊற்றுவார்கள். மீன்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை. வெள்ளைத் தண்டு உள்ள ஐஸும் மீனைக் கெடாமல் வைத்திருக்கும்.

இப்போது என் மேஜையில் மதிப்புரைக்காக இரண்டு கவிதைத் தொகுப்புகள் இருக்கின்றன. ஒருவர் தொகுப்பில் அவர் வாழ்க்கை முழுதும் இருக்கிறது. மற்றவர் தொகுப்பில் யாருமே இல்லை. இரண்டையும் பற்றி அடுத்த இதழில் எழுதுவேன். இருவரிடமும் நான் கேட்கப்போவது ஒரே இரண்டு கேள்விகள்தான். வந்தது எங்கே ஒட்டியது? ஒட்டியது எப்போது விட்டுப் போனது? சுவடு இருக்கிறதா இல்லையா என்பதைக் கேள்வியாக வைக்கும் உத்தேசம் எனக்கு இல்லை. இருக்கத்தான் செய்யும், பிடிக்கிற வலை நம்மிடம் இருக்கிறதா என்பதுதான் விஷயம்.